பீமனுக்கு சீனாவுல வாத்தியார் கிடைச்சார், நம்ம புள்ளைக்கு?

சோட்டா பீம் சீனாவுக்குப் போன கதை உங்க வீட்டுப் பிள்ளைக்குக் கட்டாயம் தெரிஞ்சிருக்கும். 2011ல 'மாஸ்டர் ஆஃப் ஷாவ்லின்'னு டிவிக்காகவே ஒரு படம் எடுத்தாங்க. அப்புறம் 2019 மே மாசம் 'குங்ஃபூ தமாக்கா'ன்னு தியேட்டருக்கே ஒண்ணு வந்துச்சு. டோலக்பூர்ங்கிற கற்பனை ஊர்ப் பையன், வேட்டியை வரிஞ்சு கட்டிக்கிட்டு, கூட்டாளிகளோட சீனாவுக்குப் போறான். பெரிய குங்ஃபூ போட்டி நடக்குது. நடுவுல அந்த ஊர் இளவரசியை ஒரு வில்லன் தூக்கிட்டுப் போறான். பீம் வித்தை கத்துக்கிட்டுப் போய் அடிச்சு மீட்டுட்டு வர்றான். அவ்வளவுதான் கதை. லீவு நாளானா இதையே திருப்பித் திருப்பிப் போடுறாங்க, பிள்ளைங்களும் சலிக்காம பார்க்குதுங்க.

நானும் பேரப்பிள்ளைங்களோட உட்கார்ந்து பார்த்திருக்கேன். பார்த்துட்டுத்தான் எழுதுறேன். எனக்கு அந்தக் கார்ட்டூன் மேல கோபம் இல்லை. கோபம் வேற இடத்துல இருக்கு. அதைத்தான் இன்னைக்கு எழுதப் போறேன். பட்டணத்துல இருந்து படிக்கிற உங்களுக்குக் கொஞ்சம் உறைக்கும், பொறுத்துக்கணும்.

இந்தக் கார்ட்டூன் பேச்சு வந்தாலே ரெண்டு விதமா பேசுறவங்களைப் பார்க்கிறேன். ஒரு கூட்டம், "இதைப் பார்த்துத்தான் பிள்ளைங்க கெட்டுப்போகுது, எல்லாத்தையும் தடை பண்ணணும்"னு சொல்லுது. இன்னொரு கூட்டம், "குங்ஃபூவே நம்மளோடது சார், காஞ்சிபுரத்துப் போதிதர்மர் போய்க் கத்துக்கொடுத்தது, நம்ம பொருளை நமக்கே திருப்பி விக்கிறான்"னு சொல்லுது. கேட்க எதிரும் புதிருமா இருக்கும். ஆனா ரெண்டு கூட்டமும் ஒரு விஷயத்துல ஒத்துப்போகுது. பேசி முடிச்சதும் ரெண்டு பேரும் எழுந்து போயிடுவாங்க. யாரும் ஒரு பிள்ளையை ஒரு வாத்தியார்கிட்ட கூட்டிட்டுப் போறதில்லை.

முதல் கூட்டத்துக்கு முதல்ல பதில் சொல்லிடுறேன். சண்டை பார்த்துத்தான் பிள்ளை கெடும்னா எங்க தலைமுறை முழுக்க கெட்டிருக்கணும். நாங்க எம்.ஜி.ஆர். கம்பு சுத்துறதைப் பார்த்து வளர்ந்தவங்க. அவருக்குச் சிலம்பம் நிஜமாவே தெரியும், படத்துக்காகச் சும்மா கையை ஆட்டினவர் இல்லை. 'ரிக்‌ஷாக்காரன்' 1971ல வந்த படம், டூரிங் டாக்கீஸுக்குத் திரும்பத் திரும்ப வரும். அதைப் பார்த்துட்டு வந்த ராத்திரியே தெருவுல ஆளுக்கொரு குச்சி எடுத்தோம். மறுநாள் யாரோ ஒரு பெரியவர், "டேய், கம்பை அப்படிப் புடிக்கக் கூடாதுடா"ன்னு சொல்லி, எப்படிப் புடிக்கணும்னு காட்டிக்கொடுத்தார். விஷயம் இங்கேதான் இருக்கு. படம் ஆசையைக் கிளப்பிவிட்டது. கிளம்பின ஆசைக்குப் பதில் சொல்ல ஊர்ல ஆள் இருந்தது. இன்னைக்குப் படம் அதே வேலையைத்தான் செய்யுது. பதில் சொல்றதுக்குத்தான் ஆள் இல்லை.

இப்ப ரெண்டாவது கூட்டம். இவங்ககிட்டதான் எனக்கு வழக்கு அதிகம்.

போதிதர்மர் தெற்கேயிருந்து சீனாவுக்குப் போன துறவின்னு சீனர்களே எழுதி வச்சிருக்காங்க, சரி. ஆனா அவரையும் ஷாவ்லின் சண்டைக் கலையையும் முடிச்சுப் போட்ட சீனப் புத்தகம் 17ஆம் நூற்றாண்டுல வந்தது. அவர் காலத்துக்கும் அந்தப் புத்தகத்துக்கும் நடுவுல ஆயிரம் வருஷம் ஓடிப்போச்சு. அது சரியில்லைன்னு சீனாவுலயே ஆராய்ச்சிக்காரங்க எடுத்துச் சொல்லிட்டாங்க. இங்கே 2011ல 'ஏழாம் அறிவு' வந்த பிறகு நம்மாளுங்க எல்லாருக்கும் அது சரித்திரமாவே ஆயிடுச்சு. சரி, ஒரு பேச்சுக்கு உண்மைன்னே வச்சுக்குவோம். அதனால நமக்கு என்ன பெருமை? ஒரு வீட்டு விதைநெல்லை அடுத்த ஊர்க்காரன் வாங்கிட்டுப் போய் நட்டு, வருஷா வருஷம் விதை எடுத்துக் காப்பாத்தி வச்சிருக்கான். கொடுத்த வீட்டுல பத்தாயம் காலி. கொடுத்தவன் திண்ணையில உட்கார்ந்து "அது எங்க நெல்லுதான்"னு சொல்லிக்கிட்டே இருந்தா ஊர் சிரிக்காதா?

இன்னொண்ணும் சொல்லுவாங்க. "வெள்ளைக்காரன் தடை போட்டான், அதான் சிலம்பம் அழிஞ்சது"ன்னு. மருது சகோதரர்களைத் தூக்கில போட்ட 1801லயே, பாளையக்காரர் சீமையில ஆயுதங்களை ஒப்படைக்கச் சொல்லி கும்பெனி உத்தரவு போட்டது உண்மைதான். ஆனா எங்க காரைக்காலைப் பாருங்க. 1739ல பிரெஞ்சுக்காரன் கைக்கு வந்த ஊர், 1954 நவம்பர் 1 வரைக்கும் அவன்கிட்டதான் இருந்துச்சு. நான் எழுபதுகள்ல பையனா இருந்தப்போ இங்கே கிராமத்துக்குக் கிராமம் கம்பு சுத்துற ஆள் இருந்தாங்க. ஆத்துக்கு அந்தப் பக்கம், வெள்ளைக்காரன் ஆண்ட தஞ்சாவூர் ஜில்லாக் கிராமங்கள்லயும் இருந்தாங்க. அப்படின்னா பிரெஞ்சுக்காரனும் இங்கிலீஷ்காரனும் போன பிறகும் அது உயிரோடதான் இருந்திருக்கு. அதுக்கப்புறம்தான் போச்சு. நம்ம கையில இருக்கும்போதுதான் போச்சு.

எப்படிப் போச்சுன்னு சொல்றேன். இது எந்தப் புத்தகத்துலயும் இருக்காது, களத்துமேட்டுலதான் தெரியும்.

சிலம்பத்துக்கு இடம் வேணும். கம்பு ஆள் உயரம், இல்லை நெத்தி உயரம். அதை ரெண்டு பேர் நின்னு வீசணும்னா வீட்டு வாசல் பத்தாது. எங்க பக்கத்துல சம்பா அறுத்து, கட்டு கட்டி, களத்துக்குக் கொண்டுவந்து அடிப்போம். அதுக்குன்னு சாணி போட்டு மெழுகி, கல்லு முள்ளு இல்லாம வச்சிருந்த இடம் அது. தை, மாசியில நெல்லு. பங்குனி, சித்திரையில உளுந்து, பயறு. அது முடிஞ்சா ஆத்துல தண்ணி வர்ற வரைக்கும் களம் சும்மாதான் கிடக்கும். ஆளுக்கும் வேலை இருக்காது. நிலா வெளிச்சம் இருக்கும். அந்தக் களத்துலதான் வாத்தியார் நின்னார், பையன்கள் சேர்ந்தாங்க. இப்ப அறுப்பு மெஷின் வயல்லயே அறுத்து, வயல்லயே தூத்தி, டிராக்டர்ல கொட்டிடுது. நெல்லு களத்துக்கு வர்றதே இல்லை. மெஷினை நான் குறை சொல்லலை, நானும் அதை வச்சுத்தான் அறுக்கிறேன். அறுப்புக்கு ஆள் கிடைக்கலைன்னா வேற என்ன செய்ய முடியும்? ஆனா களத்துக்கு வேலை இல்லைன்னு ஆனதும், கொஞ்சம் கொஞ்சமா அது களமா இல்லாம போச்சு. ஒரு ஓரத்துல தண்ணித் தொட்டி, ஒரு ஓரத்துல யாரோ போட்ட கொட்டகை, மிச்சத்துல கருவேலங்கன்னு. கத்துக்கிட வேண்டிய வயசுப் பையன் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போயிட்டான்.

பழசு எல்லாம் தங்கம்னு நான் சொல்லலை. அதையும் சேர்த்துச் சொன்னாத்தான் நியாயம். ஒரு தெருக்காரங்க களத்துல இன்னொரு தெருப் பையன் கம்பைத் தொட முடியாது. பொம்பளைப் பிள்ளை தூரத்துல நின்னு பார்க்கலாம், அவ்வளவுதான். திருவிழாவுல சாமிக்கு முன்னாடியும் கந்தூரி ஊர்வலத்துலயும் சாவு ஊர்வலத்துலயும் தீப்பந்தம் சுத்தினவனைக் கைதட்டிப் பார்த்தவங்க, அவனைத் திண்ணையில உட்கார வைக்கலை. இன்னைக்குச் சொல்லிக்கொடுக்கிற இடங்கள்ல பொம்பளைப் பிள்ளைங்க கம்பு எடுக்குதுங்க, எல்லாத் தெருப் பிள்ளையும் ஒண்ணா நிக்குது. இந்த ஒரு விஷயத்துல இன்னைக்கு இருக்கிறது அன்னைக்கு இருந்ததைவிட நூறு மடங்கு மேல். அதனால பழைய களம் அப்படியே திரும்பி வரணும்னு நான் கேட்கலை. எல்லாருக்குமான களம் வேணும்னு கேட்கிறேன்.

கார்ட்டூனுக்குத் திரும்ப வர்றேன். அதுல ஒரு நல்லது இருக்கு. பீம் எவ்வளவு பலசாலியா இருந்தாலும் குருகிட்ட போறான், கும்பிடுறான், கத்துக்கிறான். கெட்டது எதுன்னு கேட்டா, அந்த லட்டு. அடி வாங்கி விழுந்தா ஒரு லட்டு, உடனே தெம்பு வந்துரும், வில்லன் பறந்து போய் விழுவான். சிலம்பத்துல லட்டு கிடையாது. முதல்ல வணக்கம் செய்யணும். அப்புறம் காலடி. வெறும் கால் வைக்கிறது மட்டும் வாரக் கணக்குல, கம்பே கைக்கு வராது. அப்புறம்தான் வீச்சு, தடுப்பு. விரல்ல அடி வாங்காம கம்பு கத்துக்கிட்டவன் எவனும் கிடையாது. மான்கொம்பு, சுருள்வாளெல்லாம் வருஷக் கணக்குல நின்னவனுக்குத்தான். நாத்தங்கால்ல விதை விட்டுட்டு மறுநாளே அறுக்க அரிவாளோட போறவன் இருக்கானா? கார்ட்டூன் இருபது நிமிஷத்துல முடிஞ்சாகணும், அதுக்கு லட்டு தேவை. நம்ம பிள்ளைக்கு இது ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியணும்னா, நிஜமா கத்துக்கிற ஒரு பிள்ளையை அது கண்ணால பார்க்கணும். டிவியை அணைச்சா இது புரியாது.

"நம்மாளை வச்சுக் கார்ட்டூன் எடுத்தா எல்லாம் சரியாயிடும்"னும் சிலபேர் சொல்றாங்க. இதுக்கு ஒரு வேடிக்கையான கதை இருக்கு. 2010ல ஹரி எடுத்த 'சிங்கம்' வந்துச்சு. தூத்துக்குடிப் பக்கத்து ஊர் சப்-இன்ஸ்பெக்டர் துரைசிங்கம், சூர்யா நடிச்சது. அடுத்த வருஷமே அது இந்திக்குப் போய் மராட்டிக்காரர் சிங்கம் ஆச்சு. 2018ல அந்த இந்திச் சிங்கத்தைக் குட்டிப் போலீஸாக்கி 'லிட்டில் சிங்கம்'னு டிஸ்கவரி கிட்ஸ்ல கார்ட்டூன் போட்டாங்க. ஊர் பேரு மிர்ச்சி நகர். அதைத் தமிழ்ல டப் பண்ணி நம்ம பிள்ளைங்களுக்கே காட்டுறாங்க. நம்மூர் ஆள் ஒரு சுத்து சுத்தி வந்து நம்ம வீட்டு டிவியில நிக்கிறான், நமக்கே அடையாளம் தெரியலை. இதுல யாரும் எதையும் திருடலை, காசு கொடுத்து முறைப்படி வாங்கிட்டுத்தான் போனாங்க. நம்மகிட்ட கதை இல்லாம போகலை. கதையைப் பிள்ளைக்கு ஏத்த மாதிரி வளர்க்கப் பொறுமையும் முதலும் போட ஆள் இல்லை. சோட்டா பீமே ஐதராபாத்துல ராஜீவ் சிலகாங்கிறவர் 2001ல கம்பெனி ஆரம்பிச்சு, 2008லதான் போகோ சேனல்ல தொடரா வந்துச்சு. ஏழு வருஷம் ஆகியிருக்கு. நெல்லு மாதிரி இல்லை, தென்னை மாதிரி.

ஆனா கார்ட்டூன் வந்தாலும் மட்டும் போதாதுங்கிறதுக்கு ஷாவ்லினே சாட்சி. அந்தக் கோயில் ஒரு காலத்துல இடிஞ்சு, கவனிப்பாரில்லாம கிடந்த இடம். 1982ல ஜெட் லீ நடிச்ச 'ஷாவ்லின் டெம்பிள்' படம் வந்துச்சு. அதைப் பார்த்துட்டுச் சீனா முழுக்க இருந்து பையன்கள் குங்ஃபூ கத்துக்கிறேன்னு அந்தப் பக்கம் கிளம்பி வந்தாங்க. வந்தவனை அவங்க திருப்பி அனுப்பலை. பக்கத்து ஊரான டெங்ஃபெங்ல பள்ளிக்கூடம் கட்டினாங்க, தங்க இடம் கட்டினாங்க, வாத்தியாருக்குச் சம்பளம் கொடுத்தாங்க. இன்னைக்கு அங்கே ஒரு பள்ளியில மட்டுமே முப்பதாயிரத்துக்கு மேல பிள்ளைங்க கத்துக்குது. படம் கதவைத் தட்டுச்சு, உள்ளே ஆள் எழுந்து வந்து திறந்துச்சு. அதனாலதான் இன்னைக்கு ஐதராபாத்துல படம் வரையறவனுக்கும் குங்ஃபூன்னா ஷாவ்லின் ஞாபகம் வருது, பீமை அங்கே அனுப்புறான். காரைக்காலுக்கு அனுப்பணும்னு அவனுக்குத் தோணணும்னா இங்கே ஏதாவது இருக்கணுமில்ல?

அரசாங்கம் ஒண்ணுமே செய்யலைன்னும் சொல்ல முடியாது. 2024 ஜனவரியில தமிழ்நாட்டுல கேலோ இந்தியா இளைஞர் போட்டி நடந்தப்போ சிலம்பத்தைக் காட்சிப் போட்டியா வச்சாங்க. தமிழ்நாட்டு அரசு, வேலைவாய்ப்புல விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டுல சிலம்பத்தையும் சேர்த்திருக்கு. நல்ல காரியம். ஆனா இதுலயும் ரெண்டு சங்கடம். ஒண்ணு, தமிழ்நாட்டு உத்தரவு தமிழ்நாட்டுப் பிள்ளைக்கு. எங்களைச் சுத்தி நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டம், இன்னொரு பக்கம் கடல். எங்க தலைநகரம் 130 கிலோமீட்டர் தள்ளிப் புதுச்சேரியில இருக்கு. ஒரே ஆத்துத் தண்ணி, ஒரே கம்பு, ஒரே வாத்தியார். வாஞ்சூர் தாண்டி நாகூர்ப் பிள்ளைக்கு உள்ள கணக்கு வேற, இந்தப் பக்கம் திருமலைராயன்பட்டினத்துப் பிள்ளைக்கு வேற. நம்ம புதுச்சேரி அரசு அடுத்த வீட்டைப் பார்த்து, இங்கே உள்ள பிள்ளைக்கும் அதே அளவு கிடைக்கும்படி பார்த்துக்கணும். வாயைத் திறந்து கேட்க வேண்டியது நாங்கதான்.

ரெண்டாவது சங்கடம், சான்றிதழ். வேலைக்கு ஆகும்னு தெரிஞ்ச உடனே, காலடி வரிசை தெரியாத பிள்ளை கழுத்துல மெடல் தொங்குது. காசு கட்டினா கோப்பை கொடுக்கிற போட்டிகளைப் பார்த்துட்டேன். வந்த பிள்ளைங்க எல்லாருக்கும் முதல் பரிசு. அதுவும் ஒருவகை லட்டுதான்.

இனிமே உங்க பங்கு. சென்னையிலயும் பெங்களூர்லயும் கராத்தே, டேக்வாண்டோ வகுப்புக்கு மாசம் தவறாம பீஸ் கட்டுறீங்க, வெள்ளை உடுப்பு வாங்குறீங்க, பெல்ட்டுக்குத் தனியா கட்டுறீங்க. கட்டுங்க, எந்தக் கலையும் கெட்டதில்லை. ஆனா ஊருக்கு மாங்கனித் திருவிழாவுக்கு வரும்போது, கம்பு சுத்துற ஆளைக் கைபேசியில படம் புடிச்சு, சட்டைப் பையில நூறு ரூபாய் சொருகிட்டுப் போறீங்க. கராத்தே மாஸ்டர் சட்டையில யாராவது பணம் சொருகுவீங்களா? அவருக்கு 'பீஸ்', இவருக்கு 'அன்பளிப்பு'. இந்த ஒரு வித்தியாசத்துலயே ஒரு கலை செத்துப்போகும். வாத்தியார் மகன் அதைப் பார்த்துக்கிட்டுத்தான் வளர்றான். அவன் ஏன் கம்பைத் தொடுவான்? அவன் கொத்தனார் வேலைக்குப் போறது சரியான கணக்கு.

இன்னொண்ணு, இதைச் சொன்னா சிலபேருக்கு வருத்தம் வரும். ஊர்ல களத்தை அழிச்சது வெளியாள் இல்லை. அப்பா காலமான பிறகு பங்கு பிரிச்சு, மனை போட்டு விக்கிறது பட்டணத்துல இருக்கிற பிள்ளைங்கதான். பவர் எழுதிக் கொடுத்துட்டு ரயில் ஏறிடுறீங்க. வயலோட சேர்த்துக் களமும் போகுது. அந்தக் காசுல வாங்கின அடுக்குமாடி வீட்டுல உட்கார்ந்து, "பிள்ளைங்க டிவியே கதின்னு கிடக்குது, விளையாட இடமே இல்லை"ன்னு சொல்றீங்க. இங்கேயும் அதே கதைதான் தம்பிகளா. இங்கே இருக்கிற பிள்ளைக்கும் இடமில்லை, அதுவும் பீமைத்தான் பார்க்குது.

நான் கேட்கிறது பெரிசு ஒண்ணும் இல்லை. மனை விக்கிறவங்க வித்துக்குங்க, களத்துமேட்டை மட்டும் ஊர் பேர்ல எழுதிக் கொடுத்துட்டுப் போங்க. அது அளவுல சில குழிதான் இருக்கும், உங்களுக்கு அதனால சொத்து குறையாது. மே மாச லீவுக்குப் பிள்ளைங்களை அனுப்புறவங்க, ஒரு மாசத்துக்கு வாத்தியார்கிட்ட சேர்த்துவிடுங்க, பட்டணத்து மாஸ்டருக்குக் கொடுக்கிற அதே பீஸை அவருக்கும் கொடுங்க. உங்க பிள்ளை ஒண்ணு வந்து நின்னா, அதைப் பார்த்து எங்க தெருப் பிள்ளை நாலு வந்து நிக்கும். பட்டணத்துப் பிள்ளை செய்யறதுன்னா கிராமத்துல ஒரு மதிப்பு, அது நல்லதோ கெட்டதோ, இருக்கு. அந்த மதிப்பை இதுக்காவது பயன்படுத்துவோம்.

ஒரு மாசத்துல ஒண்ணும் வந்துடாது. கையில நாலு காய்ப்பு, முட்டியில ஒரு வீக்கம், காலடி எட்டுத் தெரிஞ்சிருக்கும். போதும். அதுக்கப்புறம் பீம் லட்டு தின்னுட்டு வில்லனை அடிக்கிறதைப் பார்த்தா, பிள்ளை தானாவே சிரிக்கும். அந்தச் சிரிப்பு வந்துட்டா நீங்க டிவியைத் தடை பண்ணத் தேவையில்லை.

சித்திரை பொறந்தா உளுந்து அறுத்து வயல் காலியாயிடும். ஆத்துல தண்ணி வர்றதுக்கு ரெண்டு மாசம் இருக்கும். எங்க ஊர்ல களத்தைச் சுத்தம் பண்ணிக் கருவேலங்கன்னை வெட்டிப் போடலாம்னு நாலு பேர் பேசி வச்சிருக்கோம். வாத்தியார் வர ஒத்துக்கிட்டார், வயசு எழுபதைத் தாண்டிடுச்சு. அவருக்கு அப்புறம் யாருன்னு எங்ககிட்ட பதில் இல்லை. அதனாலதான் இவ்வளவு சத்தமா எழுதினேன்.